காசு போடாமல் சேர்த்த கார்டுகள்

என் மகள் ஒன்பதாவது படிக்கும்போது ஒரு நாள் நானூறு ரூபாய் கேட்டாள். ஒரு பாக்கெட் கார்டு வாங்க வேண்டுமாம். சீட்டாடுகிற கார்டு இல்லை. டிராகன், மந்திரவாதி, காட்டுப்பன்றி என்று ஒவ்வொன்றிலும் ஒரு படமும், அதற்கு எவ்வளவு பலம், என்ன வித்தை தெரியும் என்று பொடி எழுத்தில் விதிகளும் அச்சிட்ட கார்டுகள். பிள்ளைகள் அவற்றைச் சேர்ப்பார்கள், மாற்றிக்கொள்வார்கள், ஆளுக்கொரு கட்டு தயார்செய்துகொண்டு மோதுவார்கள். பாக்கெட்டைப் பிரிக்கும்வரை உள்ளே எந்தக் கார்டு இருக்கிறது என்று தெரியாது. உள்ளே என்ன இருக்கிறதென்றே தெரியாத பொருளுக்கு நானூறு ரூபாய் தரமாட்டேன் என்றேன். நான் மத்திய அரசு அமைச்சகம் ஒன்றில் பட்ஜெட் பிரிவில் இருக்கிறேன். மூன்று கொட்டேஷன் இல்லாமல் வீட்டுக்கு ஒரு மிக்ஸிகூட வாங்கியதில்லை.

அவள் அழவும் இல்லை, கெஞ்சவும் இல்லை. அந்தப் பிடிவாதம் என்னிடமிருந்து போனது. அதே ஆட்டத்தைப் போனில் இலவசமாக ஆடலாம் என்று ஒரு வாரத்தில் கண்டுபிடித்தாள். ஒரு பைசா போடாமல் எல்லாக் கார்டையும் சேர்த்துக் காட்டுகிறேன் என்று சாப்பாட்டு மேஜையில் என் முகத்துக்கு நேராகச் சொன்னாள். சேர் பார்க்கலாம் என்று நானும் சொல்லிவிட்டு ரசத்தை நகர்த்திவைத்தேன்.

சேர்த்தாள். பத்தாவது, பன்னிரண்டாவது பரீட்சைகளின் நடுவிலும் சேர்த்தாள். தினமும் ஆட்டம் மூன்று சின்ன வேலைகள் கொடுக்கும். பச்சைக் கார்டு இருபது போடு, இரண்டு ஆட்டம் ஜெயி, இப்படி. முடித்தால் நாணயம் கிடைக்கும். அது வெறும் திரை நாணயம்தான், ஆனால் அதை வைத்துக் கார்டு வாங்கலாம். ஒரே கார்டு திரும்பத் திரும்ப வந்தால் அதைப் பொடியாக்கி, அந்தப் பொடியில் வேண்டிய கார்டைச் செய்துகொள்ளலாம். நாணயத்தைக் கொடுத்து நேராகப் பாக்கெட் வாங்குவது அவள் கணக்கில் முட்டாள் வேலை. சேர்த்துவைத்து, புதுத் தொகுப்பு வெளியாகும் வாரத்தில் போட்டியில் நுழைய வேண்டும். போட்டியில் பொறுக்கி எடுக்கிற கார்டுகள் நமக்கே சொந்தம், ஜெயித்தால் கட்டிய நாணயமும் திரும்பி வந்துவிடும். இதையெல்லாம் அவள் எனக்கு விளக்கியபோது, இவள் எங்கள் பிரிவுக்கு வந்தால் ஆறு மாதத்தில் டைரக்டரையே ஓட்டிவிடுவாள் என்று தோன்றியது. பெருமையாகத்தான் இருந்தது. வெளியே சொல்லவில்லை.

பிறகு புனேயில் கல்லூரி கிடைத்துப் போனாள். காலை எட்டு மணிக்கு வகுப்பு, சாயங்காலம் லேப். ஒரு நாள் விட்டால் அன்றைய நாணயம் போனது போனதுதான் என்பதால், தினசரி வேலைகளை என் தலையில் கட்டிவிட்டாள். உனக்குத்தான் மெட்ரோவில் சும்மா உட்காருகிற நேரம் இருக்கிறதே என்றாள். மயூர் விஹாரிலிருந்து மண்டி ஹவுஸ் போய், அங்கே வண்டி மாறி, மத்தியச் செயலகம் போகிறவள் நான். இத்தனை வருஷத்தில் என்றைக்கு எனக்கு உட்கார இடம் கிடைத்தது என்று கேட்டேன். நின்றுகொண்டும் ஆடலாம் என்றாள்.

இப்படித்தான் நாற்பத்தெட்டு வயதில், ஒரு கையில் கம்பியும் ஒரு கையில் போனுமாக, டிராகன் வளர்க்கக் கற்றுக்கொண்டேன். முதல் மாதம் எல்லா ஆட்டத்திலும் தோற்றேன். எந்த ஊரிலோ உட்கார்ந்திருக்கிற எவனோ ஒருவன் என்னை ஆறே நிமிடத்தில் முடித்துவிட்டு, 'நன்றாக ஆடினீர்கள்' என்று பொத்தானை அமுக்குவான். ஆத்திரமாக வரும். நான் கோல் மார்க்கெட் அரசுக் குவார்ட்டர்ஸில் மூன்று அண்ணன்களோடு வளர்ந்தவள். தோற்றவளைப் பார்த்து இளிப்பவர்களை எனக்குப் பிடிக்காது. மூன்றாவது மாதம் நானும் அந்தப் பொத்தானை அமுக்க ஆரம்பித்தேன்.

ஒரே கணக்கு, இரண்டு போன். ஒருவர் உள்ளே இருக்கும்போது மற்றவர் நுழைந்தால், முதலில் இருந்தவரை ஆட்டம் வெளியே தள்ளிவிடும். யமுனைப் பாலத்தில் வண்டி போகும்போது, ஜெயிக்கிற கட்டத்தில், 'வேறு கருவியில் நுழைந்திருக்கிறீர்கள்' என்று திரை வெளுத்துவிடும். எரிச்சலோடு போனைப் பைக்குள் போடுவேன். போட்ட கையோடு, எழுந்துவிட்டாள், முதல் வகுப்பு இல்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொள்வேன். தொலைபேசியில் நாங்கள் பேசுவது இரண்டு நிமிடம். "என்னட்டி, சாப்ட்டியா?" என்பேன். "ஹாங் மா" என்பாள். அதற்குமேல் அவளுக்குத் தமிழும் வராது, பொறுமையும் வராது. ஆட்டத்தின் பழைய பதிவைப் பார்த்தால்தான் எனக்கு எல்லாம் தெரியும். சிவப்புக் கட்டை எடுத்து ஐந்து ஆட்டம் வரிசையாகத் தோற்றிருந்தால் ஏதோ மனசு சரியில்லை. இரண்டு நாளாக வரவே இல்லையென்றால் பரீட்சை அல்லது காய்ச்சல். அந்தக் கணக்கு வழியாகத்தான் நான் என் மகளோடு குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தேன்.

இரண்டாம் வருஷம் தொடங்கியதிலிருந்து அவள் நாணயத்தைத் தொடவில்லை. ஏப்ரலில் பெரிய தொகுப்பு ஒன்று வரப்போகிறது, அப்போது ஒரு வாரம் வீட்டுக்கு வருகிறேன், சோபாவில் உட்கார்ந்து நாம் இரண்டு பேரும் போட்டியில் இறங்குவோம் என்று சொல்லியிருந்தாள். எட்டு மாதம் இரண்டு பேரும் சேர்த்தோம். முப்பதாயிரத்தைத் தாண்டியது.

இனி மார்ச் மாதத்தைச் சொல்ல வேண்டும்.

அரசாங்க வேலையில் இல்லாதவர்களுக்கு மார்ச் மாதம் என்றால் வெயில் தொடங்கும் மாதம். எங்களுக்கு அது பேய் மாதம். அந்த வருஷத்துக்கு ஒதுக்கிய பணத்தை முப்பத்தொன்றாம் தேதிக்குள் செலவழிக்காவிட்டால் அது காலாவதியாகிவிடும். காலாவதியானால் பரவாயில்லை, 'போன வருஷமே உங்களுக்குத் தேவைப்படவில்லையே' என்று அடுத்த வருஷம் வெட்டிவிடுவார்கள். அதனால் பதினோரு மாதம் பென்சில் கேட்டால் முறைக்கிற அதிகாரிகள் மார்ச்சில் நாற்காலி வாங்குவார்கள். எங்கள் பிரிவில் பாலிதீன் உறை பிரிக்காத நாற்காலிகள் ஒன்பது இருக்கின்றன. அலமாரி ஒன்று வந்த நாளிலிருந்து சுவரைப் பார்த்துத் திரும்பி நிற்கிறது. இருபத்து நான்கு வருஷம் இப்படி ஓடி ஓடி என் உடம்பே அதற்குப் பழகிவிட்டது. மார்ச் இருபதுக்கு மேல் எங்கே மீதி இருந்தாலும் அதைத் தீர்க்கக் கை பரபரக்கும்.

முப்பத்தொன்றாம் தேதி காலை, வண்டியில் ஆட்டத்தைத் திறந்தால், திரை முழுக்கச் சிவப்பு அறிவிப்பு. சீசன் இன்றோடு முடிகிறது. தரவரிசை பழையபடி கீழே போகும். இந்தப் பாக்கெட்டுகளுக்கு இன்றே கடைசி நாள். அவ்வளவுதான் எழுதியிருந்தது. நாணயத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. ஆனால் கடைசி நாள் என்பதையும் முப்பதாயிரம் என்பதையும் ஒன்றாகப் பார்த்தவுடன் என் கட்டைவிரல் கடைப் பக்கத்துக்குப் போய்விட்டது. அவளைக் கேட்கலாம்தான். அன்று அவளுக்குப் பிராக்டிகல் பரீட்சை, போன் பூட்டுக்குள் இருக்கும். உண்மையைச் சொன்னால், போன் கையில் இருந்திருந்தாலும் கேட்டிருக்க மாட்டேன். மார்ச் முப்பத்தொன்றில் என்ன செய்ய வேண்டும் என்று யாரையும் கேட்டுப் பழக்கமில்லை எனக்கு.

யமுனை பேங்க் ஸ்டேஷனில் வாங்க ஆரம்பித்தேன். மண்டி ஹவுஸ் வருவதற்குள் எல்லாவற்றையும் தீர்த்துவிட்டேன். பாக்கெட், பாக்கெட், பாக்கெட். கட்டைவிரல் வலித்தது. மீதி நூற்றைம்பது நாணயம்தான், அதற்கு எதுவும் வராது. வந்ததில் முக்கால்வாசி எங்களிடம் ஏற்கெனவே இருந்த கார்டுகள். போகட்டும், காலாவதியாக விடவில்லையே என்று நிம்மதியாக ஆபீசுக்குப் போய், நிஜமான பில்களோடு மல்லுக்கட்டினேன்.

மறுநாள் காலை திறந்து பார்த்தேன். தரவரிசை கீழே போயிருந்தது. அந்த நூற்றைம்பது நாணயம் அப்படியே இருந்தது.

வண்டி இரண்டு ஸ்டேஷன் தாண்டியும் நான் அந்த நூற்றைம்பதையே பார்த்துக்கொண்டிருந்தேன். அது இருக்கிறதென்றால் முப்பதாயிரமும் இருந்திருக்கும். எட்டு மாதமாக அவள் கட்டிக் காத்ததைப் பத்து நிமிடத்தில் பாலிதீன் உறை போட்ட நாற்காலிகளாக மாற்றிவிட்டேன்.

சாயங்காலம் என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் பொதுத்துறை நிறுவனத்தில் எஞ்சினியர், எந்த ஓட்டையையும் அடைக்கத்தான் தெரியும். அந்த நாணயம் ரூபாய்க்குக் கிடைக்காதா என்று கேட்டார். கிடைக்கும் என்றேன்.

"பொறவு என்ன? ரூவாயப் போட்டு அடைச்சிரு. அவளுக்குத் தெரியவா போவுது?" என்றார்.

தெரியாமல் அடைத்துவிடலாம்தான். சோபாவில் உட்கார்ந்து கடைப் பக்கத்தைத் திறந்தேன். மொத்தம் நாலாயிரத்துச் சொச்சம் வந்தது. ரகசிய எண்ணில் நான்கு இலக்கம் தட்டிவிட்டேன், இன்னும் இரண்டு பாக்கி. அப்போதுதான் அவள் முன்பு எனக்குக் காட்டிய ஒரு பக்கம் ஞாபகம் வந்தது. கணக்கு விவரத்தின் அடியில் 'இதுவரை வாங்கியவை' என்று ஒரு வரி. அதற்கு நேரே 'எதுவுமில்லை'. ஐந்து வருஷமாக எதுவுமில்லை. தோழிகளிடம் கார்டுகளைக் காட்டுவதற்கு முன் அவள் அந்த வரியைத்தான் காட்டுவாள். நான் அன்று தராத நானூறு ரூபாய்க்கு அவள் எனக்குச் சொன்ன பதில் அது. அதில் என் நாலாயிரத்தைக் கொண்டுபோய்க் கொட்டினால், நான் செய்த தப்பு மறையும், அவள் செய்தது அழிந்துபோகும். கடைப் பக்கத்தை மூடிவிட்டு அவளைக் கூப்பிட்டேன்.

எல்லாவற்றையும் சொன்னேன், நூற்றைம்பது உட்பட. அவள் பக்கம் ஹாஸ்டலில் யாரோ சிரிக்கிற சத்தம் கேட்டது.

"சச் சொல்லுமா, உண்மையா. பைசா போட்டியா?"

"போடலட்டி. போடப் போனேன். போடல."

"டீக் ஹை", சரி என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டாள்.

மறுநாள் காலை வண்டியில் ஆட்டம் என்னை உள்ளே விடவில்லை. பாஸ்வேர்ட் தவறு என்றது. மூன்று முறை அடித்துப் பார்த்தேன். என் விரலில் தப்பில்லை, அவள் மாற்றிவிட்டாள். பக்கத்தில் நின்ற பெண் என்னைப் பார்த்துவிட்டு உட்கார இடம் கொடுத்தாள். அழுதிருக்கிறேன் என்று அப்போதுதான் தெரிந்தது. இத்தனை வருஷத்தில் எனக்குக் கிடைத்த முதல் இடம் அது. நாணயம் போனதற்காக அழவில்லை. அவள் எழுந்தாளா, எத்தனை ஆட்டம் தோற்றாள் என்று இனி எனக்குத் தெரியாது, அதற்காகத்தான் அழுதேன்.

இரண்டு நாள் கழித்து, சும்மா இருக்கப் பிடிக்காமல், எனக்கென்று ஒரு கணக்கு திறந்தேன். அறுபது சோப்ளாங்கிக் கார்டுகள், பூஜ்யம் நாணயம். அவள் விதிப்படியே ஆடினேன். தினம் மூன்று வேலை, பாக்கெட் வாங்கக் கூடாது, ரூபாய் போடக் கூடாது. அவளிடம் சொல்லவில்லை.

ஏப்ரலில் வந்தாள். வருவாளோ மாட்டாளோ என்று பயந்துகொண்டிருந்தேன், ஆனால் வந்தாள். தோசை சாப்பிட்டாள், தூங்கினாள், அப்பாவோடு வண்டி ஓட்டப் போனாள். ஆட்டத்தைப் பற்றி மூச்சு விடவில்லை. நான்காம் நாள் சோபாவில் என் போனை எடுத்து எதையோ தேடியவள், என் கணக்கைப் பார்த்துவிட்டாள். கார்டுகளைப் பார்க்கவில்லை. நேராக அந்த அடி வரிக்குப் போனாள். எதுவுமில்லை. பிறகு நாணயம் எவ்வளவு என்று பார்த்தாள். இரண்டாயிரத்துச் சொச்சம் இருந்தது. செலவழிக்காதே என்று சொல்லிப் போனைத் திருப்பிக் கொடுத்தாள். பழைய கணக்கின் புது பாஸ்வேர்டைச் சொல்வாள் என்று காத்திருந்தேன். சொல்லவில்லை. கேட்க எனக்கு வாயில்லை.

ஆபீசில் மாற்றல் ஆகிப் போகிறவர்கள் சாவிகளைப் பட்டியலிட்டுக் கையெழுத்துப் போட்டு ஒப்படைப்பார்கள். அவள் கிளம்புகிற அன்று நானும் ஒரு வெள்ளைத் தாளில் என் கணக்கின் பெயரையும் பாஸ்வேர்டையும் எழுதி, கீழே கையெழுத்தும் போட்டு, புளியோதரை டப்பாவோடு அவள் பையில் வைத்தேன். போய்ச் சேர்ந்ததும் புளியோதரை நன்றாக இருந்தது என்று மெசேஜ் வந்தது. தாளைப் பற்றி ஒன்றும் இல்லை.

ஒரு வாரம் போனது. திங்கட்கிழமை, கூட்டமான வண்டி, யமுனைப் பாலம். எதிராளியிடம் இரண்டே உயிர்தான் மிச்சம். என் கையில் காட்டுப்பன்றி. அடுத்த அடியில் ஆள் காலி. விரலை வைக்கப் போகிறேன், திரை வெளுத்துவிட்டது. 'வேறு கருவியில் நுழைந்திருக்கிறீர்கள்.'

ஜெயிக்கிற ஆட்டம் போச்சு. போனை மார்போடு பிடித்துக்கொண்டு நின்றேன். எழுந்துவிட்டாள், முதல் வகுப்பு இல்லை போலிருக்கிறது.