நோன்பு நாளின் மிளகு

சாக்கைப் பிரித்ததும் பதுர்தீன் ஹாஜியார் அடிவரை கையை விட்டு ஒரே ஒரு மிளகை எடுப்பார். கடைவாயில் வைத்து நறுக்கென்று கடிப்பார். காய்ந்ததா, ஈரமா என்று அந்தச் சத்தமே அவருக்குச் சொல்லிவிடும். கடித்ததைத் துப்பமாட்டார். "அல்லாஹ் தந்த பொருள் மகன், துப்ப மனசு வருமா?" என்று விழுங்கிவிட்டு, கண்ணில் நீர் முட்ட பிளேன்டீ கேட்பார்.

ஹாஜியார், மதுரனின் கூட்டாளி ஷிஹாமின் தகப்பன். பள்ளிக்கூட நாளிலிருந்தே அவனுக்கும் அவர் "வாப்பா"தான். இருபது வயதில், மாத்தளை நகரில் இருந்த அவருடைய கடையில் முதல் வேலைக்குச் சேர்ந்த அன்று "முதலாளி" என்றான். மனிதருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "கடைக்குள்ள முதலாளி, வாசலத் தாண்டினா வாப்பா. கொழப்பிக்காத," என்றார். வாசற்படியில் நின்று அவர் திட்டும்போது எப்படிக் கூப்பிடுவது என்பது மட்டும் அவனுக்குக் கடைசிவரை பிடிபடவில்லை.

நோன்பு மாதத்தில் ஹாஜியார் மிளகு கடிக்க முடியாது. "இந்த மாசம் உன்ட பல்லுதான் எனக்கு," என்று மதுரனைக் கூப்பிடுவார்.

எட்டு வருடங்களுக்கு முன் அப்படியொரு நோன்பு நாள் பிற்பகலில் பல்லேபொலவிலிருந்து பெரிய சரக்கு வந்தது. கடையில் எல்லாருக்கும் உதடு காய்ந்து கிடந்தது. அத்தனை பேருக்கு முன்னால் வாயை அசைத்துத் தின்ன மதுரனுக்குக் கூச்சமாகிவிட்டது. மிளகை உள்ளங்கையிலேயே வைத்துக்கொண்டு, திரும்பி நின்று மெல்வதுபோல் பாவனை செய்தான்.

"நல்லா காஞ்சிருக்கு முதலாளி."

பத்தாம் நாள், கொழும்புக்கு அனுப்பிய லொறி அப்படியே திரும்பி வந்தது. சாக்கெல்லாம் பூஞ்சணம்.

"யாரு பார்த்து எடுத்த?" என்று ஷிஹாம் கத்தினான்.

மதுரன் வாயைத் திறப்பதற்குள் ஹாஜியார் முந்திக்கொண்டார். "நான்தான் கடிச்சிப் பார்த்தேன்."

"நோன்போடயா வாப்பா?"

ஹாஜியார் மறுபக்கம் திரும்பி, தொழுகைக்குக் கைகால் கழுவி ஒளூ எடுக்கப் போய்விட்டார். விளையாட்டுக்குக்கூடப் பொய் பேசாத மனிதர். நாளைக்குச் சொல்லிவிடலாம் என்று மதுரன் நினைத்தான். அந்த நாளை வரவேயில்லை. பிறகு அவன் வேறு வேலைக்குப் போய்விட்டான். வெட்கம் மட்டும் கூடவே போனது.

ஹாஜியார் மௌத்தாகி, அடக்கம் முடிந்து நாற்பது நாள் கழித்து மதுரன் கடைக்குப் போனான். ஒரே ஒரு தேநீர் வந்தது.

"நீ குடி, எனக்கு நோன்பு," என்றான் ஷிஹாம்.

"இப்ப என்னடா நோன்பு?"

"வாப்பாட நோன்பு ஒண்டு பாக்கி ஈக்கி. அந்த மிளகு கடிச்ச நாள். அவர் விட்டத மகன் நான்தானே பிடிக்கோணும்."

மதுரன் தேநீரைத் தள்ளி வைத்துவிட்டு எல்லாவற்றையும் சொன்னான். "அவரு நோன்ப விடலடா. நான்தான் கடிக்காமலே கடிச்சேன்னு சொன்னேன். என்னைக் காப்பாத்தத்தான் அவரு அப்படிச் சொன்னாரு."

ஷிஹாம் தராசுத் தட்டைப் பிடித்துக்கொண்டான்.

"எட்டு வருஷமா நோன்பு வந்தா அவர்ட மொகத்தப் பார்த்துப் பேசவே இல்லடா நான்," என்றான். அந்த எட்டு வருஷத்தைச் சரிசெய்ய இனி இருவராலும் முடியாது.

"அப்போ இத விட்டிரு," என்றான் மதுரன்.

"பிடிச்சத விடமாட்டேன்."

வாசலில் ஆட்டோ ஒன்று இரண்டு சாக்கு மிளகுடன் வந்து நின்றது. ஷிஹாம் எழுந்து ஒரு சாக்கைப் பிரித்தான். அடிவரை கையை விட்டு ஒரு மிளகை எடுத்தான். அதை மதுரனிடம் நீட்டினான்.

கடையில் எல்லாரும் பார்த்திருக்க மதுரன் அதை நறுக்கென்று கடித்தான். கண்ணில் நீர் முட்டியது. துப்பவில்லை.