நெய்வேலியில் ஓர் அருவி

எங்கள் பகல்நேர முதியோர் காப்பகத்துக்கு ஒரு பெரியவர் மனைவியோடு வருவார். நிலக்கரி மைன்ஸுக்குள் ஊறும் தண்ணீரை இறைக்கும் பம்ப்புகளை ஓட்டியவர். மறதி நோயில் பேச்சே நின்றிருந்தது. ஆனாலும் நாற்காலி, சுவர் என்று எதிலாவது உள்ளங்கையைப் பதித்து, பம்ப் ஓடுகிற மாதிரி அதிர்கிறதா என்று பார்த்துக்கொண்டே இருப்பார்.

ஒருநாள் அவர் கண்ணில், சுற்றிலும் நிஜம்போலக் காட்சி காட்டும் விஆர் கருவியை மாட்டி, மனசுக்கு இதமாக இருக்கட்டுமே என்று அருவியைக் காட்டினேன். துள்ளி எழுந்தார்.

"யோவ், மைன்ஸுக்குள்ள தண்ணி பூந்துக்கினு இருக்குது! எல்லா பம்ப்பையும் போடுய்யா!"

பதறிப்போய்க் காட்சியைப் புல்வெளிக்கு மாற்றினேன். "போட்டாச்சுங்க!"

சுற்றிலும் பார்த்தார். நெஞ்சு நிமிர்ந்தது. "எறங்கிடுச்சி, பாத்தியா!"

கருவியைக் கழற்றியதும், பல மாதங்களாக யாரென்றே தெரியாதிருந்த மனைவியைப் பார்த்துச் சிரித்தார். "ஏ புள்ள, ஷிஃப்டு முடிஞ்சிது. வா, வூட்டுக்குப் போலாம்."

அந்த அம்மா போகிற போக்கில் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நாளைக்கும் தண்ணிய வுடுங்க தம்பி."