சிம்பாங்ல ரெண்டு தடவ லைட்டு

பால் ஊத்தாத டீ, தே ஓ கலர்ல ஒரு வெளிச்சம்... அதான் எங்க கப்சாய் மோட்டார் சைக்கிளோட முன் லைட்டு.

பழைய கப்சாய் ஓட்டுனவங்களுக்குத் தெரியும். முறுக்குனா வெளிச்சம், விட்டா இருட்டு. ரோட்டுல குழி இருக்கேன்னு ஸ்லோ பண்ணா, சரியா அந்த நேரம் பாத்து லைட்டும் தூங்கிடும். இத எவன் கண்டுபிடிச்சானோ, அவன எங்க எஸ்டேட் ரோட்டுல ஒரு நாளு ஓட விட்டிருக்கணும்.

அப்ப நாங்க சிலிம் ரிவர் பக்கம். ரப்பர வெட்டிட்டு பாமாயில் எடுக்குற செம்பனை போட்டாச்சு, லயத்துல பாதி வீடு காலி. அப்பா இறந்த பிறகு நான், அம்மா, அண்ணன்... மூணு பேருதான். அண்ணனுக்கு லாரி பட்டறையில வேலை. நான் ஸ்கூல்ல ஃபார்ம் ஃபைவ் முடிச்ச கையோட கிலாங்னு சொல்ற ஃபேக்டரி வேலைக்குச் சேந்துட்டேன். காலை ஷிஃப்ட். விடியறதுக்கு முன்னாடி அப்பாவோட கப்சாய எடுத்துக்கிட்டு டவுனுக்குப் போயி, அங்க கிலாங் பஸ் ஏறணும்.

நான் கெளம்புனா அம்மா வாசல்ல நிக்கும். வீட்டுலருந்து பெரிய ரோட்டுல சேர்ற முச்சந்தி, அந்த சிம்பாங் வரைக்கும் நேர் பாதை. மரத்துல விழுற என் லைட்டு வெளிச்சத்த பாத்துக்கிட்டே நிக்கும். நான் சிம்பாங் தாண்டுனாதான் உள்ள போகும்.

ஒரு நாளு பாதி வழியில காட்டுப் பன்னி ஒண்ணு, குட்டிங்களோட ரோட்டுக்கு வந்துடுச்சு. நிப்பாட்டுனேன். அவ்ளோதான் நடந்துச்சு.

ஆனா வாசல்லருந்து அம்மா பாத்தா... வெளிச்சம் பொசுக்குன்னு செத்துப் போச்சு. மக ரோட்டோரம் லோங்கா வாய்க்கால்ல விழுந்துட்டா.

பன்னி ஆற அமர போகட்டும்னு நின்னுக்கிட்டு இருக்கேன், பின்னால யாரோ ஓடி வர்ற சத்தம். திரும்பிப் பாத்தா அம்மா. கால்ல செருப்பு இல்ல, கொண்டை அவுந்து கெடக்கு, மூச்சு வாங்குது.

"விழுந்துட்டியாடி?"

"விழலம்மா. பன்னி."

அம்மா என் கை, முட்டியெல்லாம் தடவிப் பாத்துச்சு. அப்புறம் ஒரே வார்த்தை. "இந்த வேலை வேணாம். போதும்லா."

எனக்கு வந்துச்சு பாருங்க கோவம். மொத மொதல்ல நானா தேடிக்கிட்ட வேலை. ஒரு பன்னிக்காக விட்டுருவேனா? அன்னைக்கு ராத்திரி நான் சாப்புடல, அம்மாவும் கூப்புடல. கடைசியில அண்ணன்தான் நடுவுல புகுந்தான். "ஞாயித்துக்கெழம லைட்ட மாத்துறேன்மா. அப்பவும் ஒனக்கு மனசு ஒப்பலன்னா அவ வேலைய விட்டு நின்னுக்கட்டும்." அது வரைக்கும் அவனே என்னை கொண்டு போய் விட்டான்.

என் வேலை இப்ப அந்த லைட்டு கையில.

ஞாயித்துக்கெழம சாப்பாட்டுக்கு அப்புறம் முன் பக்கத்த கழட்டிப் போட்டான். மொதல்ல அவசரப்பட்டு ஒரு பெரிய வாட் பல்ப அப்படியே மாட்டிட்டான். கொஞ்ச நேரத்துல ஹோல்டர் உருகி ஒரே நாத்தம். "லைட்டு மாத்துறியா, வடை சுடுறியா"ன்னு அடுப்படியிலருந்து அம்மா குரல். அண்ணன் மூஞ்சி போன போக்கு...

அப்புறம் நிதானமா செஞ்சான். புது ஹோல்டர், தடிச்ச வயர். லைட்டுக்கு கரண்ட நேரா என்ஜின்லருந்து எடுக்காம பேட்டரியிலருந்து எடுத்தான், பேட்டரிக்கு சார்ஜ் ஏத்துற பாகத்தையும் மாத்துனான். இனிமே வண்டி நின்னாலும் லைட்டு நிக்காதுன்னான். பொழுது சாஞ்சதும் சுவிட்ச போட்டான். செவுரு வெள்ளையா பளிச்சுன்னு ஆயிடுச்சு. எனக்கு அப்பவே பாதி சந்தோஷம்.

ஆனா நான் ஏறி உக்காந்ததும் பின் பக்கம் அமுங்கி, வெளிச்சம் கூரைக்குப் போயிடுச்சு. "என்னாண்ணே, வௌவாலுக்கு வழி காட்டுறியா?"

ஒரு ஆளு ஏறி உக்காந்தாதான் லைட்ட சரியா எறக்க முடியும். நான் செவுத்துல சாக்பீஸ் கோடு போடணும், அண்ணன் கையில ஸ்க்ரூ டிரைவர். மிச்சம் யாரு? அம்மா.

கைலிய இழுத்துச் சொருகிக்கிட்டு ஏறுச்சு. அப்பா இருந்தப்ப பின்னால ஒரு பக்கமாதான் உக்காரும், ஹேண்டில் பிடிச்சதே அன்னைக்குத்தான். உக்காந்த ஆளு சும்மா இருக்கா? சிக்னல அமுக்குச்சு, ஹாரன் அடிச்சுச்சு. அப்புறம் இன்னொரு சுவிட்சு. செவுத்துல இருந்த வெளிச்சம் டக்குன்னு மேல ஏறி எறங்குச்சு.

"இது என்னாடா?"

"ஹை பீம்மா."

மறுபடி அமுக்கிப் பாத்துச்சு. மறுபடியும். அப்புறம் என் மூஞ்சியப் பாக்காமலே சொல்லுச்சு, "சிம்பாங் போனதும் இத ரெண்டு தடவ அமுக்கு. நான் கதவ சாத்திக்கிறேன்."

அதான் அம்மா குடுத்த பர்மிஷன்.

"பன்னி வந்தா எத்தன தடவம்மா?"

"அடி வாங்குவ."

மறுநாள் சிம்பாங்ல நின்னு அமுக்குனேன். எதுக்க இருந்த செம்பனை உச்சியில வெளிச்சம் ரெண்டு தடவ ஏறி எறங்குச்சு. அவ்ளோ தூரத்துல கதவு சாத்துற சத்தம் கேக்காதுதான்... ஆனா எனக்குக் கேட்டுச்சு.

கல்யாணமாகி சிலிபினுக்குக் குடி வந்தப்ப அம்மாவையும் கூட்டிக்கிட்டு வந்துட்டேன். காடி, அதான் காரு, வாங்குன பிறகும் அதே கததான். அம்மா கேட்ல நிக்கும், நான் எங்க குடியிருப்பு தாமான் சிம்பாங்ல ரெண்டு தடவ அமுக்குவேன். இப்ப லைட்டெல்லாம் தானா எரியுது, தானா அணையுது. என் மக எங்க போனாலும் ஃபோன்ல லொகேஷன் அனுப்புறா. நல்லதுதான், குத்தம் சொல்லல.

அம்மா இப்ப இல்ல. வாசல் கேட்ட நானே சாத்திட்டுத்தான் கெளம்புறேன்.

போன வாரம் காலையில, இன்னும் விடியல, சிம்பாங்ல எனக்கு முன்னால ஒரு மலாய்க்காரப் பெரியவரு கப்சாய்ல நிக்கிறாரு. என் கை தன்னால ரெண்டு தடவ அமுக்கிடுச்சு. பாவம், வழி விடச் சொல்றேன்னு நெனச்சு ஓரமா ஒதுங்கி, போ போன்னு கையக் காட்டுனாரு.

மன்னிச்சுக்குங்க பாக்சிக்... அது உங்களுக்குப் போட்ட லைட்டு இல்ல.