தம்பி வண்டிக்கு அண்ணன் ஹேண்டில்

என் அக்கா புருஷனுக்குத் தெருவில் 'இன்னொருதரம்' என்று பெயர். வண்டி வேலையை முடித்து, துணியால் துடைத்தும் ஆயிற்று, வண்டிக்காரர் சாவிக்குக் கையை நீட்டுகிறார் என்றால், "இருங்க, இன்னொரு தரம் பாத்துடறேன்" என்று மறுபடி கீழே உட்கார்ந்துவிடுவார். ஊர் வாய் சும்மா இருக்குமா? பெயர் வைத்துவிட்டது. அது அவருக்கும் தெரியும். கோபித்துக்கொண்டதில்லை. கோபப்படுவதற்கும் கொஞ்சம் தைரியம் வேண்டுமே.

அவர் பயந்தாங்கொள்ளி. இதைச் சுற்றி வளைத்து மரியாதையாகச் சொல்ல எனக்கு வராது. கேஸ் அடுப்பைப் பற்றவைக்கச் சொன்னால் சமையலறை வாசலுக்கு வெளியே நின்றுகொண்டு கையை மட்டும் உள்ளே நீட்டுவார். நாய் குரைத்தால் அடுத்த தெரு வழியாகச் சுற்றி வருவார். பக்கத்து வீட்டில் போன் அடித்தாலும் இவர் எழுந்து நின்றுவிடுவார். சின்ன வயதில் ஏதாவது விபத்தைப் பார்த்திருப்பார், அதுதான் இப்படி என்று கதை கட்டாதீர்கள். நானே கேட்டுப் பார்த்துவிட்டேன், அப்படி ஒன்றும் கிடையாது. சிலர் சுருட்டை முடியோடு பிறக்கிறார்கள். இவர் பயத்தோடு பிறந்தார்.

"அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்னு சொல்வாங்க. உங்க அத்தானுக்கு வெளிச்சம் போட்டாலும் பேய்தான்" என்பாள் அக்கா.

இப்பேர்ப்பட்ட மனிதர் பிழைப்புக்குப் பிடித்த தொழில், மலைப்பாதை வண்டிகளைப் பழுது பார்ப்பது. மண்ணிலும் கல்லிலும் ஓடுகிற, உயரமான, மெலிந்த இடுப்புள்ள மோட்டார் சைக்கிள்கள். ஊருக்குப் பின்னால் மலை. மேலே சின்னச் சின்னக் குடியிருப்புகள். அங்கே போக வேறு வண்டி உதவாது. அவர் பட்டறைக்கும் என் லேத் பட்டறைக்கும் நடுவே ஒற்றைச் செங்கல் சுவர்தான். அவர் பெருமூச்சு விட்டால் எனக்குக் கேட்கும். அடிக்கடி விடுவார்.

எல்லாவற்றையும்விட அவருக்கு ஹேண்டிலைக் கண்டுதான் பயம். "எஞ்சின் போனா வண்டி நின்னுடும் மாப்ள. பிரேக் போனா எங்கயாவது முட்டி நிக்கும். ஹேண்டில் போனா?" என்று கேட்பார். அந்த வாக்கியத்தை அவர் முடித்து நான் கேட்டதில்லை.

அதனால் ஹேண்டில் வேலை முடிந்தால் ஒரு சடங்கு நடக்கும். காற்றடிக்கும் மெஷினை நிறுத்துவார். சுவரைத் தட்டி என் லேத்தையும் நிறுத்தச் சொல்வார். பாதிக் கடைசலில் நிறுத்தினால் இரும்பில் கோடு விழும் என்று நான் கத்துவேன், நிறுத்தியும் தொலைப்பேன். எல்லாம் அடங்கியதும், எஞ்சின் அணைந்த வண்டியில், ஹேண்டில் வந்து சேருகிற கழுத்தில் காதை வைத்துக்கொண்டு ஹேண்டிலை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் மெல்லத் திருப்புவார். உள்ளே பேரிங் குண்டுகள் உருளுகிற சத்தத்தில் ஒரு மணல் துகள் இருந்தாலும் கண்டுபிடித்துவிடுவார். அந்தக் காது பொய் சொன்னதே இல்லை. அதில் எனக்கே மரியாதை உண்டு.

அவருக்கு ஒரே மகள். அப்பாவுக்கு நேர் எதிர். மருந்துப் பெட்டியைப் பின்னால் கட்டிக்கொண்டு மலையேறி, குடியிருப்பு குடியிருப்பாகக் குழந்தைகளுக்குத் தடுப்பூசி போடுகிற வேலை. அவள் திரும்பி வரும்வரை அத்தானுக்குச் சோறு இறங்காது. வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தார், அழுதும் பார்த்தார். "அப்பா, நீங்க எனக்கும் சேத்துப் பயப்பட்டுடறீங்க. அப்புறம் நான் எதுக்குத் தனியா பயப்படணும்?" என்று சிரித்துவிட்டுப் போய்விடுவாள்.

ஒருநாள் பாறையில் சறுக்கி வண்டியைப் போட்டாள். அவளுக்கு முழங்கையில் சிராய்ப்புதான். வண்டிக்கு 'டி' வளைந்துவிட்டது. ஹேண்டிலையும் முன்பக்கக் குழாய்கள் இரண்டையும் சேர்த்துப் பிடித்திருக்கிற கனமான துண்டு அது. வண்டியைத் திருப்புவதே அதுதான். சாமான் கடையில் கேட்டால், அந்த மாடலுக்கு இப்போதைக்கு வராது என்று கைவிரித்துவிட்டார்கள்.

ஆனால் அதே கம்பெனியில் அதே சாயலில் இன்னொரு மாடல் உண்டு. எஞ்சின் கொஞ்சம் பெரியது, மற்றபடி ஒட்டிப் பிறந்தவை. அத்தான் பெரியதை அண்ணன் என்பார், மகள் ஓட்டும் சின்னதைத் தம்பி என்பார். "அண்ணன் சட்டை தம்பிக்குத் தொளதொளன்னாவது ஆகும். தம்பி சட்டை அண்ணனுக்கு ஆகவே ஆகாது" என்பது பட்டறைச் சட்டம். எத்தனையோ சாமான்களை அப்படி மாற்றியிருக்கிறார். 'டி'யை மட்டும் மாற்றியதில்லை.

"பஸ்ஸுல போம்மா."

"மேல எங்கப்பா பஸ் போகுது? குழந்தைங்க காத்துட்டிருக்கும். ஊசி மருந்து ஐஸ்ல எத்தனை நாள் இருக்கும்?"

பழைய இரும்புக் கடையில் அடிபட்டுக் கிடந்த ஓர் அண்ணன் வண்டியிலிருந்து 'டி'யைக் கழற்றிக்கொண்டு வந்தார். என்னை அளக்கச் சொன்னார். இரண்டுக்கும் தண்டின் உயரம் ஒன்று, பருமன் ஒன்று, குண்டுகள் உட்காருகிற இடம் ஒன்று, குழாய்களின் இடைவெளியும் ஒன்று. வெயிலில் திருப்பித் திருப்பி விரிசல் தேடினார், இல்லை. மாட்டினார். பூட்டினார். சுவரைத் தட்டினார். நான் லேத்தை நிறுத்தினேன். காதை வைத்துத் திருப்பினார். பட்டுப்போல் போய் வந்தது. இன்னொரு தரம் திருப்பினார். அதற்குப் பிறகும் இன்னொரு தரம்.

மகள் எஞ்சினை அணைத்தபடியே காலால் உந்தி, சந்துக்குள் திருப்பிப் பார்த்தாள். "அப்பா! முன்னல்லாம் இந்தச் சந்துல முன்ன பின்னத் தள்ளித்தான் திருப்புவேன். இப்ப ஒரே திருப்புல வந்துடுச்சு!"

அத்தான் முகத்தில் சிரிப்பு வந்தது. அவர் பல் எனக்குத் தெரிவது அபூர்வம்.

மறுநாள் விடிந்ததும் அவள் கிளம்பிவிட்டாள். வெயில் ஏறிய பிறகு, நான் ஒரு புஷ்ஷைக் கடைந்துகொண்டிருந்தபோது சுவர் தட்டுகிற சத்தம் இல்லாமலே அத்தான் என் வாசலில் நின்றார். கையில் வளைந்துபோன பழைய 'டி'.

"மாப்ள, இதப் பாரு."

அந்தத் துண்டின் அடியில் ஒரு மொட்டு இருக்கும். ஹேண்டிலைத் திருப்பும்போது அது வண்டியின் உடம்பில் முட்டி, 'போதும், இதற்கு மேல் போகாதே' என்று நிறுத்தும். பழையதில் அந்த மொட்டு என் கட்டைவிரல் பருமன் இருந்தது.

"அண்ணன்ல இது ஒல்லி மாப்ள. மாட்டும்போதே பாத்தேன், கண்ணுல பட்டுது, மண்டையில ஏறல. அதான் அவ்வளவு திரும்புது."

"நல்லதுதானே? நல்லாத் திரும்புதுன்னு உங்க பொண்ணே சொன்னாளே."

"அண்ணனுக்கு ஆக்சிலேட்டர் கேபிள் நீளம். தம்பிக்குக் குட்டை." கையிலிருந்த 'டி'யை இடது பக்கம் திருப்பிக் காட்டினார். "இடது பக்கம் முழுசாத் திருப்பினா கேபிள் இழுத்துக்கும். அவ கையே வைக்காம எஞ்சின் சீறும். நான் எஞ்சினை அணைச்சுட்டுல்ல பாத்தேன்! எனக்குக் குண்டு உருள்ற சத்தம் கேக்கணும்னு அணைச்சு வெச்சுட்டுப் பாத்தேன்!"

லேத்தை நிறுத்தினேன். மலையில் இடது கொண்டை ஊசி வளைவுகளில் நடக்கிற வேகத்தில்தான் போக முடியும். ஹேண்டிலை முழுக்கத் திருப்பியாக வேண்டும். வளைவுக்கு வெளியே தடுப்பு கிடையாது, பள்ளம்தான். அந்த நேரத்தில் எஞ்சின் சீறினால் வண்டி எந்தப் பக்கம் பாயும் என்று யாரும் எனக்குச் சொல்ல வேண்டியதில்லை.

போன் போட்டேன். தொடர்பு எல்லைக்கு வெளியே இருப்பதாகப் பெண்குரல் நிதானமாகச் சொன்னது. அந்தக் குரலை அறைய வேண்டும்போல் இருந்தது.

அக்காவிடம் சொல்லாமல் என் வண்டியை எடுத்தேன். மெக்கானிக்காக இருந்தும் தெருமுனையைத் தாண்டி வண்டியில் போகாத மனிதர், என் பின்னால் ஏறி உட்கார்ந்தார். என் சட்டையை அவர் பிடித்த பிடியில் பொத்தான் தெறித்தது. வழியெல்லாம் எனக்கு எரிச்சலாகப் பேச்சு வந்தது. வாயைத் திறந்தால் அழுதுவிடுவேன் என்பதால் திறக்கவில்லை. ஒவ்வொரு இடது வளைவிலும் நிறுத்தினேன். அவர் இறங்கி, ஓரத்துக்குப் போய், கீழே எட்டிப் பார்த்தார். மாடிப்படியில் கைப்பிடியை விடாத மனிதர், எதையும் பிடிக்காமல் நின்று எட்டிப் பார்த்தார். பிறகு வந்து ஏறிக்கொண்டார்.

ஒரு வளைவில் அவர் திரும்பி வரவில்லை. நானே இறங்கிப் போனேன். மண்ணில் ஒரு டயர் தடம். வளைவோடு போகாமல் நேராக ஓரத்துக்குப் போயிருந்தது. விளிம்பில் மண் சரிந்து, செடி ஒன்று வேரோடு தொங்கியது. அத்தான் குப்புறப் படுத்துக் கீழே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தெரியல மாப்ள. ஒண்ணும் தெரியல. மரமா இருக்கு."

நான் தடத்தையே பார்த்தேன். விளிம்புக்கு ஒரு சாண் முன்னால் அது நின்று, பின்னுக்கு வந்து, மறுபடி பாதையில் ஏறியிருந்தது. "அத்தான், எந்திரிங்க. மேல போயிருக்கா. பாருங்க, மேலதான் போயிருக்கா." எழுந்திருக்கத்தான் பார்த்தார். அக்குளில் கைகொடுத்துத் தூக்கி உட்கார வைத்தேன்.

உச்சிக் குடியிருப்பில் தகரக் கூரை போட்ட ஓர் அறை முன்னால் அவள் வண்டி நின்றது. உள்ளே குழந்தைகள் வீறிட்டன. அந்த அழுகையைப்போல ஒரு நல்ல சத்தத்தை நான் கேட்டதில்லை. அத்தான் மகளிடம் போகவில்லை. நேராக வண்டியிடம் போய் ஹேண்டிலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

அவள் பஞ்சுடன் வெளியே வந்தாள். எங்கள் இருவரையும் பார்த்ததும் முகம் வெளுத்தது. "என்னப்பா? அம்மாவுக்கு என்ன?"

"அம்மா நல்லா இருக்கா. வண்டி... இடது பக்கம்..."

"சீறுது. ஆமாப்பா, ஒவ்வொரு வளைவுலயும். ஒரு இடத்துல ஓரத்துக்கே போயிட்டேன், கிளட்ச்சைப் பிடிச்சேன்."

எனக்கு ரத்தம் தலைக்கேறியது. "அதுக்கப்புறமும் ஏண்டி ஏறினே? அறிவிருக்கா உனக்கு? தள்ளிக்கிட்டுத் திரும்பி வர வேண்டியதுதானே!"

அவள் என்னைப் புரியாமல் பார்த்தாள். "அப்பா பாத்த வண்டி மாமா. அவர் பாக்காம ஒண்ணு விட்டிருப்பாரா? ஏத்தத்துல இழுவை வேணும்னு, வேணும்னேதான் அப்படி வெச்சிருப்பார்னு நினைச்சேன்."

அத்தான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். ஆயுள் முழுக்க அவர் பயந்ததைப் பார்த்துச் சிரித்திருக்கிறேன். அவர் அவ்வளவு பயந்து நான் பார்த்தது அப்போதுதான். பள்ளத்தை எட்டிப் பார்த்தபோதுகூட அந்த முகம் இல்லை.

வெகுநேரம் கழித்து எழுந்தார். கேபிளைக் கழற்றி, கழுத்தின் மறுபக்கமாகச் சுற்றிவிட்டு, தொய்வு கொடுத்துக் கட்டினார். ஸ்பானர் இரண்டு தடவை நழுவி விழுந்தது.

"ஸ்டார்ட் பண்ணு. நீ திருப்பிப் பாரு."

அவள் எஞ்சினை ஓடவிட்டு இடது கோடிவரை திருப்பினாள். சத்தம் மாறவில்லை. வலது கோடிவரை திருப்பினாள். "சரியா இருக்குப்பா" என்று ஹெல்மெட்டை எடுத்தாள்.

அவர் ஹெல்மெட்டை அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். "அப்பா பாத்ததுன்னு விட்டுடாதம்மா. எனக்காகவாவது நீயும் கொஞ்சம் பயப்படு. இன்னொரு தரம் பாரு."

அவள் சிரிக்கவில்லை. மறுபடியும் இடது பக்கம், மெதுவாக, முழுக்கத் திருப்பினாள். நானும் குனிந்து காது கொடுத்தேன்.