நடுங்கும் மச்சு

கல்லூரிச் சோதனைக்கூடத்தில் இரண்டு இசைக்கவைகள் இருந்தன. ஒன்றைத் தட்டிவிட்டு உள்ளங்கையால் பிடித்து நிறுத்துவோம். யாரும் தொடாத மற்றொன்று தனியே முனகிக்கொண்டிருக்கும். அந்த முனகலே ஒருநாள் என் பிழைப்பாகும் என்று அப்போது தெரியாது.

தொண்ணூறுகளில் திண்டுக்கல்லில் எங்கள் பட்டறைக்கு ஆடுகிற மெஷின்கள்தான் வரும். வர முடியாதவற்றை நாங்கள் தேடிப் போவோம். கணவர் இறந்தபின் லேத்தைப் பட்டறையின் பழைய ஆள் ஆரோக்கியம் பார்த்துக்கொண்டார், ஆட்டத்தை நான் பார்த்தேன். கிரைண்டர் ஓடினால் அலமாரி டம்ளர்களும் சேர்ந்து பேசும் வீட்டில் குடியிருப்பவர்களே, உங்களுக்கு நான் அதிகம் விளக்க வேண்டியதில்லை. ஒவ்வொரு பொருளுக்கும் தான் ஆட விரும்பும் வேகம் ஒன்று உண்டு. அந்த வேகத்தில் லேசாகத் தொட்டாலும் போதும், பிறகு அடங்காது.

நிறுத்தும்போது மட்டும்

எரியோடு ஊர் விவசாயி ஒருவரின் கிணற்று மோட்டார், ஓடும்போது சாதுவாக இருந்தது. நிறுத்தினால் மட்டும் குழாயெல்லாம் ஒரு கணம் உதறும். மோட்டாரின் வேகம் இறங்கி வரும் வழியில் குழாய் ஆட விரும்பும் வேகத்தைக் கடந்தாக வேண்டும், உதறல் அந்த இடத்தில்தான் என்று சொல்லி, இன்னொரு கிளாம்ப் போட்டுக் குழாயை இறுக்கினோம். அவர் தலையாட்டிக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "ஓடுறப்ப ஒண்ணுமில்ல, ஓஞ்சு வாரப்பத்தான் இம்புட்டு ஆட்டம். எங்க அப்பாரு மாதிரியே இருக்கும்மா."

அம்மிக்கல்

தன் சித்தப்பா மகள் புஷ்பத்தை என்னிடம் அனுப்பியவரும் அந்த விவசாயிதான். சின்னாளப்பட்டியில் வாக்கப்பட்டவள். மர உத்திரம் போட்ட பழைய வீட்டின் மாடித்தளமான மச்சை வாடகைக்கு எடுத்து, அங்கே நூல் சுற்றும் மெஷின் ஓட்டினாள். மெஷினை ஒட்டிய கட்டிலில் அவள் கணவன் ராசு. தென்னையிலிருந்து விழுந்து இடுப்புக்குக் கீழே உணர்விழந்தவன். அவனைப் புரட்டிப் படுக்கவைக்க வேண்டும், நூலும் சுற்ற வேண்டும். இரண்டும் ஒரே அறையில் நடந்தால்தான் அடுப்பு எரியும். கீழே குடியிருந்த வீட்டுக்காரர் சுப்பையாவோ, சுவரில் காரை உதிர்கிறது, தை பிறந்ததும் காலி செய் என்று சொல்லிவிட்டார்.

நான் போனபோது மெஷினின் அடிச்சட்டத்தில் ஓர் அம்மிக்கல்லும், இரண்டு மணல் மூட்டைகளும், உடைந்த ஆட்டுரலும் இருந்தன. ஆடுகிற எதன்மேலும் கல்லைத் தூக்கி வைப்பது எங்கள் பக்கத்து வழக்கம். ஒவ்வொரு கல்லுக்கும் ஆட்டம் கூடியிருக்கிறது. கூடக்கூட அவள் இன்னொரு கல்லைத் தேடியிருக்கிறாள். "கனம் பத்தலைன்னு நெனச்சேங்க்கா. இன்னொரு உரல் சொல்லி வச்சிருக்கேன், நாளைக்கு வருது."

எஃகு நாக்குகள்

என்னிடம் ஒரு சிறு பெட்டி உண்டு. உள்ளே நீளம் வேறுவேறான எஃகு நாக்குகள், சீப்புப் பற்கள்போல வரிசையாக. எந்த நாக்கின் வேகம் வருகிறதோ அது மட்டும் நடுங்கும். மெஷின் ஓடியபோது ஒரு நாக்கு நடுங்கியது. மெஷினை நிறுத்திவிட்டு, ஆரோக்கியத்தைக் குதிகாலால் தளத்தை ஓங்கி மிதிக்கச் சொன்னேன். வெறும் மச்சின் அதிர்வுக்கும் அதே நாக்குதான் துடித்தது. கனம் ஏற ஏற மச்சு ஆட விரும்பும் வேகம் இறங்கி, மெஷினின் வேகத்தோடு வந்து சேர்ந்திருந்தது.

கற்களை இறக்கிவிட்டு மறுபடி மிதித்தபோது பக்கத்து நாக்கு துடித்தது. மெஷினை ஓட்டிப் பார்த்தால் ஆட்டம் பாதியாகக் குறைந்திருந்தது. மீதியும் போக மச்சை இறுக்க வேண்டும். உத்திரத்துக்குக் கீழிருந்து முட்டுக் கொடுக்க வேண்டும். அந்த இடம் சுப்பையாவின் கூடத்துக்கு நட்டநடு. உரலைச் சுமந்து படியிறங்கிய ஆரோக்கியம் புஷ்பத்திடம் சொன்னார்: "ஏத்துறதுக்கு முன்னாடி எங்களக் கூப்பிட்டிருந்தா என் இடுப்பு தப்பிச்சிருக்கும், தாயி."

கூடத்துக்கு நடுவே

"நான் காலி பண்ணச் சொன்னவளுக்காக என் கூடத்துல தூண் நடணுமா? வாரவன் போறவன் எல்லாம் முட்டிக்கிறதுக்கா?" என்றார் சுப்பையா. புஷ்பம் மாடிப்படியிலேயே நின்றாள். மேலே ராசு இருமினான்.

சுப்பையாவின் மனைவி அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். முறத்திலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னார்: "முட்டுனா உங்க தலைதான முட்டும். எனக்கு மழைக்காலத்துல துணிக்கொடி கட்ட ஆகும். போடச் சொல்லுங்க."

கட்டிலிலிருந்து

முட்டுக் கொடுத்த அன்று மெஷினை ஓட்டிவிட்டு, பக்கத்தில் ஒரு செம்பு நிறையத் தண்ணீர் வைத்தேன். நீரில் ஒரு சுருக்கம்கூட இல்லை. புஷ்பம் முந்தானையால் முகத்தைப் பொத்திக்கொண்டாள். தை பிறந்தாலும் இனி அவள் போக வேண்டாம்.

ராசு கண்ணை மூடிப் படுத்திருந்தான். அவள் வேலை செய்யும் நேரமெல்லாம் கட்டில் சட்டத்தின் வழியே அவன் தோளுக்கும் பல்லுக்கும் ஏறிவந்த நடுக்கம் நின்றுபோயிருந்தது. மிச்சம் இருந்தது சத்தம். அந்தச் சத்தம் தெருவில் நூல் சுற்றிய எல்லா வீட்டிலிருந்தும் வந்தது. கண்ணைத் திறக்காமலே கேட்டான்: "ஓடுறது நம்ம மெஷினா, பக்கத்து வீட்டு மெஷினான்னு தெரியலயே. நீ இருக்கியா, புள்ள?"

ராசு அடுத்த ஆவணியில் இறந்தான். புஷ்பம் மெஷினைச் சாலையோரக் கொட்டகை ஒன்றின் சிமெண்ட் தரைக்கு இறக்கிக்கொண்டாள், அங்கே எதுவும் நடுங்கவில்லை, எனக்கும் வேலை இருக்கவில்லை.