குழாய் அடித்தது

பொன்னாயி தம்மம்பட்டிப் பக்கம் பிறந்தவள். பதினாறு வயதில் ஆண்டியைக் கட்டிக்கொண்டு புதுச்சத்திரம் வந்தாள். வந்த மறுநாளே பண்ணையக்காரர் சென்னிமலையின் மாட்டுக் கொட்டகையில் சாணி அள்ளினாள். பிறகு பதினான்கு வருடம் அதே கொட்டகை. இரண்டு பிள்ளைகள் பிறந்து ஒன்று தங்கியது. ஆண்டி குடித்தால் அடிப்பான், குடிக்காவிட்டால் பேசமாட்டான்.

கொட்டகையில் ஓர் இரும்புக் குழாயும் சோளத்தட்டு வெட்டும் மெஷினும் இருந்தன. மெஷினின் எர்த் கம்பியை எவனோ குழாயில் சுற்றிவிட்டுப் போயிருந்தான். கெடுதல் ஏதும் வரவில்லை. கிணறு வரை மண்ணுக்குள் ஓடிய இரும்பு, கசிந்த கரண்டை மண்ணிலேயே இறக்கிவிட்டது. எண்பத்துமூன்றில் அது துருப்பிடித்து ஒழுக, சென்னிமலை மண்ணுக்குள் பிளாஸ்டிக் குழாய் பதித்தார். கொட்டகையில் மட்டும் பழைய இரும்பு நின்றது.

அதன் பிறகு மெஷின் ஓடும்போதெல்லாம் குழாய் பொன்னாயியை அடித்தது.

முதல் அடியில் பித்தளைக் குடம் விழுந்து நசுங்கியது. சென்னிமலையின் மனைவி சௌந்திரம் செருப்புக் காலோடு வந்து குழாயைப் பிடித்துப் பார்த்தாள்.

"எனக்கொண்ணும் பண்ணலையே. உன்னைய மட்டும் பேரு சொல்லிக் கூப்பிட்டு அடிக்குதா?"

"நெசமாலுமே அடிக்குதுங்கம்மா."

சென்னிமலை சாட்டையை எடுத்தார். முதுகில் நான்கு. மறுநாள் அவள் குழாயைத் தொட மறுத்தாள். ஆறு. மீதியை ஆண்டி வீட்டில் கொடுத்தான். மூன்றாம் நாள் குழாய் அவளைத் தூக்கித் தொட்டி விளிம்பில் எறிந்தது. இரண்டு பற்கள் போயின. வாய் கொப்பளிக்க அந்தக் குழாய்தான் இருந்தது.

பண்ணையக்காரர் வீட்டில் பல்பு மாட்ட வந்த வயர்மேன் அங்கமுத்துவிடம் சொன்னாள். அவன் மெஷினை ஓடவிட்டு டெஸ்டரைக் குழாயில் வைத்தான். அதற்குள் விளக்கு எரிந்தது. சென்னிமலையைக் கூப்பிட்டுக் காட்டினான்.

"கரண்டு மண்ணுக்கு எறங்கலீங்க. குழி வெட்டி எர்த் போட்டு, குழாயையும் மெஷினையும் சேத்துக் கட்டோணுங்க. இல்லீனா இவ செத்துருவா."

"நானுந்தாண்டா தொடறேன். எனக்கு ஏன் அடிக்கலை?"

"ரப்பர் செருப்பு போட்டிருக்கறீங்க. கழட்டிட்டுத் தொட்டாத் தெரியுமுங்க."

சென்னிமலை அவன் கன்னத்தில் அறைந்தார். டெஸ்டர் சாணியில் விழுந்தது.

"யாரைடா செருப்பைக் கழட்டச் சொல்றே?"

சொல்லிக்கொண்டே செருப்புகளை உதறினார். ஈரத்தரையில் நின்று குழாயை இறுகப் பிடித்தார்.

கை வரவில்லை. வாய் கோணியது. கழுத்து நரம்புகள் கயிறாகப் புடைத்தன.

"தொடாதே! கட்டையால அடி!" என்று கத்தியபடி அங்கமுத்து சுவிட்சுக்கு ஓடினான்.

பொன்னாயி கூரையிலிருந்து காய்ந்த மூங்கில் ஒன்றை உருவி அவர் மணிக்கட்டில் இறக்கினாள். எலும்பு முறிந்த சத்தம் கேட்டது. கை கழன்று அவர் விழுந்தார். விழுந்த பிறகு தோளில் இன்னொன்று இறங்கியது.

சௌந்திரம் ஓடிவந்து அவள் மயிரைப் பிடித்தாள்.

"கைய உட்டதுக்கப்புறமும் எதுக்கடி அடிச்சே?"

"கரண்டு பூராப் போச்சான்னு தெரியலீங்கம்மா."

சென்னிமலை பிழைத்தார். கை கோணலாகக் கூடியது. அவர் விழுந்த நான்காம் நாள் அங்கமுத்து ஆறடிக் குழி வெட்டினான். கரியும் உப்பும் கொட்டி, குழாயையும் மெஷினையும் ஒரே செம்புக் கம்பியில் சேர்த்து மண்ணுக்கு இறக்கினான். மெஷினை ஓடவிட்டார்கள். தொட்டுப் பார்ப்பதற்குப் பொன்னாயியைக் கூட்டிவர ஆள் போனான்.

அவள் மடியில் அருவாளோடு குடிசை வாசலில் உட்கார்ந்திருந்தாள்.

"ஏன், அவங்க ஊட்டுல ஆருக்கும் கையில்லையா?" என்றாள்.

ஆள் திரும்பிப் போனான்.