ஜோதியக்கா மாற்றிச் சொன்ன மனு

ஜோதியக்காவுக்கு வாய் சும்மா இருக்காது. ஸ்ரீரங்கத்தில் பஸ் ஏறினால், பாலக்கரையில் இறங்குவதற்குள் கண்டக்டரின் குடும்பக் கதை முழுவதையும் கேட்டு முடித்துவிடுவார். எங்கள் ஆபீஸ் சின்னது. ஆதரவில்லாத பெண்களுக்கு மனு எழுதிக் கொடுப்பது, சான்றிதழ் வாங்க அவர்களோடு கூடப் போவது, இவ்வளவுதான் வேலை. பதினாறு வருடமாக அக்கா இதைச் செய்கிறார். பதினாறு வருடமாகப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து நான் அவரோடு சண்டை போடுகிறேன்.

அந்த வாய்தான் சகாயம்மாள் விஷயத்தில் வினையாகப் போயிற்று.

சகாயம்மாள் பாலக்கரையில் ஜாக்கெட் தைப்பவள். கணவன் நாலு வருடத்துக்கு முன்பே விட்டுவிட்டுப் போய்விட்டான். தெருவைப் பொறுத்தவரை அவன் குவைத்தில் இருக்கிறான். மலைக்கோட்டைக் கடைவீதியில் தானே வாங்கிய சென்ட் பாட்டிலை, "அவரு அனுப்பினாரு" என்று ஊருக்கெல்லாம் காட்டியவள் அவள். அவள் தைத்துக்கொண்டிருந்தது வாடகை மெஷினில். அதையும் ஆடி முடிந்ததும் எடுத்துக்கொள்ளப் போவதாக உரிமையாளர் சொல்லிவிட்டார். கணவனால் கைவிடப்பட்டவள் என்று சான்றிதழ் வாங்கினால் அரசாங்கத் தையல் மெஷினுக்கு மனுப் போடலாம். இல்லாவிட்டால் அவளுக்கும் மகளுக்கும் பிழைக்க வழியில்லை. மூன்று மாதம் அக்கா அவள் வீடு தேடிப் போன பிறகுதான் உண்மையைச் சொன்னாள். அக்காவிடம் மட்டும்.

கலெக்டர் ஆபீஸில் திங்கட்கிழமை மனு வாங்கும் நாள். அந்தக் கூட்டத்தைச் சொல்ல வேண்டுமா! "சீக்கிரம் சொல்லுங்கம்மா" என்றார் அதிகாரி. சகாயம்மாள் முந்தானையைத் திருகிக்கொண்டு நின்றாள். அக்காவுக்குப் பொறுக்கவில்லை.

"புருஷன் விட்டுட்டுப் போயிட்டான் சார். நாலு வருஷமா ஆளே இல்ல!"

வரிசையில் பின்னால் நின்றவர், சகாயம்மாளின் எதிர்வீட்டு வெள்ளையம்மாள். சகாயம்மாள் திரும்பிப் பார்த்தாள். மனுவைப் பிடுங்கிக்கொண்டு போயே போய்விட்டாள்.

"சொல்ல வேண்டியவங்க அவங்க. உங்களுக்கு என்னக்கா அவசரம்?" என்று நான் கத்தினேன். அக்கா திருப்பித் திட்டவில்லை. எனக்கு அதுதான் பயமாக இருந்தது.

மறுநாள் இருவரும் போனோம். சகாயம்மாள் வீட்டில் மெஷின் ஓடும் சத்தம் கேட்டது. அக்கா கூப்பிட்டதும் நின்றது. கதவு திறக்கவில்லை. எதிர்வாசலில் வெள்ளையம்மாளும் நாலு பெண்களும் காத்திருந்தார்கள்.

"ஏங்க, குவைத்து கதையெல்லாம் பொய்யாமே?"

அக்கா தலையில் அடித்துக்கொண்டார். "ஐயோ, அத ஏன் கேக்குறீங்க! வேற ஒருத்தங்க மனுவ நெனச்சுக்கிட்டு மாத்திச் சொல்லிட்டேங்க. பாழாப்போன மறதி! அந்தப் புள்ளகிட்ட மன்னிப்புக் கேக்கத்தான் வந்தேன்."

மனுவை மாற்றுகிற ஆளா அவர்? அந்த வாரமே இரண்டு குடும்பத்தார் வந்து தங்கள் காகிதங்களைத் திருப்பிக் கேட்டார்கள். "மறதிக்காரம்மாகிட்ட குடுத்துட்டு நாங்க எங்க போயி நிக்கிறது?" அக்கா எடுத்துக் கொடுத்தார். எனக்குத்தான் அழுகை வந்தது.

சனிக்கிழமை சகாயம்மாளே வந்தாள். உட்காரவில்லை.

"கதவுக்குப் பின்னாடிதான் நின்னேன். எல்லாம் கேட்டுச்சு."

"தப்பு என்னோடதும்மா. மன்னிச்சுடு."

"திங்கக்கிழமை கூட வருவீங்களாக்கா?"

"வரேன். ஆனா வாயத் தொறக்க மாட்டேன்."

திங்கட்கிழமை அதே வரிசை. தன் பட்டாவுக்காக வெள்ளையம்மாளும் மறுபடி வந்திருந்தார். அதிகாரி அக்காவைப் பார்த்து, "என்னம்மா விஷயம்?" என்றார்.

"அவங்ககிட்டயே கேளுங்க சார்."

சகாயம்மாள் ஒரு தடவை பின்னால் பார்த்தாள். அவள் குரல் அக்காவின் குரலைவிடப் பெரிதாக வந்தது.

"என் வீட்டுக்காரரு என்ன விட்டுட்டுப் போயி நாலு வருஷமாச்சு சார். போன வாரம் இந்த அக்கா எதையும் மாத்திச் சொல்லல. என்னப் பத்திதான் சொன்னாங்க."

மனு விசாரணைக்குப் போனது. மெஷினுக்கு இன்னும் அலைய வேண்டும். திரும்பும் பஸ்ஸில் சகாயம்மாள் அக்காவின் பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டாள். அக்கா ஒரு வார்த்தை பேசவில்லை. டிக்கெட் கொடுத்த கண்டக்டர்தான் கேட்டார்: "என்னம்மா, உடம்பு சரியில்லீங்களா?"